சைக்கிளில் போனோம், முட்டை வண்டியில் திரும்பினோம்!

"ஏண்டி, கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழிச்சு இப்பத்தான் உங்க ரெண்டு பேருக்கும் சைக்கிள் ஆசை வந்துதா? அதுவும் சித்திரை வெயில்லே!"

என் அம்மா கேட்ட கேள்வி இது. 2024-ஆம் வருஷம், ஏப்ரல் கடைசி வாரம். அக்கினி நட்சத்திரம் பிறக்க இன்னும் சில நாள் பாக்கி. குழந்தைகள் இரண்டு பேரும் லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போயாச்சு. "மூணே நாள் அம்மா. சேலத்திலேர்ந்து ராசிபுரம், நாமக்கல், அப்புறம் மோகனூர். காவிரிக் கரையிலே கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிட்டுத் திரும்பிடுவோம்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமை எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

விதை போட்ட தம்பதி

இந்த ஆசைக்கு விதை போட்டது ஓர் அமெரிக்கத் தம்பதி. ஃபேனி புல்லக் ஒர்க்மன் என்ற பெண்மணியும் அவர் கணவர் டாக்டர் வில்லியம் ஹன்டர் ஒர்க்மனும் 1898-இல் இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்து, தெற்குக் கோடியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நம் நாட்டைச் சைக்கிளில் சுற்றினார்கள். பர்மா, ஜாவா எல்லாம் சேர்த்து 14,000 மைல்! அப்போது அந்த அம்மாளுக்கு வயது முப்பத்தொன்பது. சில நாள் ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். சோறு தண்ணீர் கிடைக்காமலும் தவித்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தை 1904-இல் புத்தகமாகவும் போட்டார்கள்.

இதை என் கணவர் படித்துக் காட்டியதுமே எனக்கும் கால் துறுதுறுத்தது. பள்ளிக்கூட நாளில் சைக்கிள் விட்டவள்தானே நானும்! 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களைவிட நான் எதில் குறைந்துவிட்டேன்?

ஆனால் ஒர்க்மன் தம்பதியின் கதையில் ஒரு வரியை நாங்கள் இருவருமே சரியாகக் கவனிக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் சீமையில் ஏன் இத்தனை வெயில்?

சேலம் ஊர் ஒரு கிண்ணம் மாதிரி. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. கடற்காற்று இவ்வளவு தூரம் எட்டிப் பார்ப்பதில்லை. தெற்கே நாமக்கல் பக்கம் போனால் மொட்டைப் பாறைகளும் செம்மண் காடுகளும். பகலெல்லாம் சூடு குடித்த பாறை, பொழுது சாய்ந்த பிறகும் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

சமவெளியில் வெயில் 40 டிகிரி செல்சியஸையாவது தொட்டு, அந்தக் காலத்துக்கு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடிவிட்டால் 'வெப்ப அலை' என்கிறது வானிலை ஆய்வுத் துறை. 6.4 டிகிரிக்கும் மேலே கூடினால் 'கடும் வெப்ப அலை'. நாங்கள் கிளம்பிய வாரத்தில் உள் மாவட்டங்களுக்கு இந்த எச்சரிக்கை வந்திருந்தது. "நாம காலையிலேயும் சாயங்காலமும்தானே போகப் போறோம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

முதல் நாள்: நான் செய்த தப்பு

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். மல்லூர் தாண்டி, ஆண்டகளூர் கேட்டில் திரும்பி, எட்டு மணிக்கெல்லாம் ராசிபுரம். உறவுக்காரர் வீட்டில் சூடான இட்லியும் ராசிபுரம் நெய்யும் காத்திருந்தன.

அங்கேதான் இவர் என் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். "என்ன, உன் பாட்டில் அப்படியே இருக்கு? ஒரு வாய்கூடக் குடிக்கலையா?"

"குடிச்சா வழியிலே எங்கேங்க போறது?" என்றேன் மெதுவாக.

வாசகியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஸ் பயணமோ, கல்யாண வீடோ, கோயில் திருவிழாவோ, கழிப்பிடம் இருக்காதே என்று நெஞ்சு காயக் காயத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நமக்குப் பழகிப் போயிற்று. சாதாரண நாளிலேயே இந்தப் பழக்கத்தால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரும். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். வேர்வைக்கு வேண்டிய தண்ணீர் உடம்பில் இல்லாவிட்டால், உடம்பு தன்னைக் குளிர வைத்துக்கொள்ள வழியே இல்லை.

இவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நாமக்கல்லுக்குக் கிளம்பியபோது, வழியில் பெட்ரோல் பங்க் வரும்போதெல்லாம் தாமே நிறுத்தி, "லேடீஸுக்குப் பாத்ரூம் இருக்குங்களா?" என்று கூச்சமில்லாமல் கேட்டார். நானும் தைரியமாகத் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் நாள்: அவர் செய்த தப்பு

நாமக்கல்லில் எங்களுக்குக் கிடைத்த அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. ராத்திரி முழுக்கக் காரை அனலாக இறங்கியது; தூக்கமே இல்லை. காலையில் 18 அடி ஆஞ்சநேயரைத் தரிசித்தோம். கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர். "சாமியே குடையில்லாம நிக்கிறார், நமக்கென்ன?" என்று சிரித்தார் இவர். பிறகு 65 மீட்டர் உயரப் பாறைமேல் இருக்கும் கோட்டைக்கும் ஏறி இறங்கினோம். கீழே வந்தால் பின் சக்கரம் பஞ்சர்! ஒட்டி முடித்துக் கிளம்பும்போது மணி ஒன்பதே முக்கால்.

"பேசாம இங்கேயே இருந்துட்டு சாயங்காலம் போகலாங்க" என்றேன்.

"மோகனூர் பதினெட்டு கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்துல போயிடலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பாதி வழிக்கு மேல் போயிருப்போம். எப்போதும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறவர் திடீரென்று மௌனமாகிவிட்டார். "என்னங்க?" என்றால், "ஒண்ணுமில்லே, சும்மா வா!" என்று எரிந்து விழுந்தார். பதினாறு வருஷத்தில் தெரு நடுவே என்னிடம் அப்படிப் பேசாத மனுஷர். சைக்கிள் கோணலாகப் போக ஆரம்பித்தது. முன்னால் போய் மறித்து நிறுத்தினேன். முகம் வெளுத்திருந்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அப்போதும், "இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்" என்கிறார்!

சாலையோரம் ஒரு ஓட்டு வீடு, வாசலில் பெரிய வேப்பமரம். அங்கிருந்த பாட்டி எழுந்தோடி வந்தார். "ஏனுங்க அம்மணி, ஐயாவுக்கு என்னாச்சுங்க? இப்படி நெழல்ல படுக்க வைங்க கண்ணு" என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார்.

படுக்க வைத்துக் காலைத் தலையணைமேல் உயர்த்தினேன். சட்டைப் பொத்தானையும் பெல்ட்டையும் தளர்த்தி, ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். பாட்டி பனையோலை விசிறியை எடுத்து விசிறினார். "நம்ம பொண்ணு எந்த வகுப்புங்க?" என்று கேட்டேன். "ஒன்பதாவது" என்றார். அப்பாடா! புத்தி தெளிவாக இருக்கிறது, வேர்வையும் இருக்கிறது. கையில் இருந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தேன். அரை மணியில் தெளியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுவது என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இருபது நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் ஓடியது.

இவர் கண்ணைத் திறந்ததும், "உனக்கு என்ன, இவ்வளவு பயம்? எனக்கு ஒண்ணுமே ஆகலையே" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

சகோதரிகளே, நான் அந்த வேப்பமரத்தடியில் கற்ற பாடம் இதுதான். வெயில் முதலில் தடுமாற வைப்பது நம் புத்தியைத்தான். சுருண்டு விழப் போகிறவருக்குத் தாம் விழப் போவது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

பாட்டி வீட்டுக் களத்தில்

காவிரிக் கரைக் கூடாரம் அன்று கனவாகப் போயிற்று. பாட்டி எங்களை நகரவே விடவில்லை. மத்தியானம் நீர்மோரும் பழைய சோறும் சின்ன வெங்காயமும். எதிரே கோழிப்பண்ணையில் கொட்டகைக் கூரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதற்கும் மேலே வெயில் ஏறினால் தீனி குறையும், முட்டை குறையும், செத்தும் போகும்.

பாட்டி இவரைப் பார்த்துச் சிரித்தார்: "கோழிகூட முடியலீன்னா வாயைத் தொறந்து காட்டுதுங்க. இந்த ஆம்பளைங்கதான் காட்ட மாட்டாங்க!" ஆஞ்சநேயர் கதையைச் சொன்னதும், "அவரு சாமிங்க, நாம மனுசங்க" என்று ஒரே போடாகப் போட்டார்.

ராத்திரி களத்தில் தண்ணீர் தெளித்துக் கட்டில் போட்டுக் கொசுவலை கட்டிக்கொண்டோம். நாங்கள் சுமந்து வந்த நைலான் கூடாரத்தைப் பிரிக்கவே இல்லை. காற்றுப் புகாத கூடாரம் கோடையில் அடுப்புதான். மறுநாள் விடியற்காலை, சேலத்துக்குப் போகும் முட்டை வண்டி ஒன்றைப் பாட்டியின் பேரன் ஏற்பாடு செய்தான். பாதி வண்டி முட்டைத் தட்டு; மீதி இடத்தில் எங்கள் சைக்கிள் இரண்டும். அம்மாவிடம் பட்ட கேலியை இங்கே எழுத இடமில்லை!

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சைக்கிள் எடுக்காவிட்டாலும், அடுப்படியில் நிற்கும் நமக்கும் வெயிலில் வேலை செய்து வருகிறவருக்கும் இவை பொருந்தும்.

● தலைவலி, மயக்கம், குமட்டல், சதைப் பிடிப்பு, அதிக வேர்வை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். உடனே நிழல், ஈரத் துணி, காற்று, உப்பு சர்க்கரைத் தண்ணீர்.

● உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ, ஆளைத் தெரியாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பப் பக்கவாதம், உயிருக்கு ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வேர்வை நிற்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் இது வரலாம்.

● ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக் கூடாது. நிறைய வேர்க்கும்போது வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. ரத்தத்தில் உப்புக் குறைந்துவிடும்.

● சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும். அடர் மஞ்சளானால் போதவில்லை.

● உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று அல்லது இரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாளே சூரத்தனம் வேண்டாம். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை நிழல்.

● ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் வெயில் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

● ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள். தாய் நிறையக் குடிக்க வேண்டும்.

இது தனிப்பட்ட பயம் மட்டுமல்ல. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது.

விட்டுப்போன அந்த ஒரு வரி

ஒர்க்மன் தம்பதி கதையில் நாங்கள் கவனிக்காத வரி இதுதான்: 1898 கோடை வந்ததும் அவர்கள் சமவெளியை விட்டு இமயமலைப் பக்கம் போய்விட்டார்கள்! பதினாலாயிரம் மைல் மிதித்தவர்களே வெயிலுக்கு வழிவிட்டார்கள். அப்படி மலைக்குப் போனதால்தான் பின்னாளில் அந்த அம்மாள் புகழ்பெற்ற மலையேறியாகவும் ஆனார்.

நாங்களும் அந்த வருஷம் மார்கழியில் மறுபடி கிளம்பினோம். வழியில் பாட்டிக்கு ஒரு கம்பளி கொடுத்துவிட்டு, மோகனூரில் காவிரிக் கரையில் கூடாரம் போட்டோம். விடிகாலையில் ஆற்றுமேல் பனி புகைந்துகொண்டிருந்தது. பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்த என்னிடம் இவர் பாட்டிலை நீட்டினார்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன். நீங்க?"

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. நீங்களும் கேட்டுப் பாருங்களேன்!