புல்வெட்டும் மிஷினுக்கு எந்த ஆயில், எவ்வளவு?



தறிக்குப் பேர்போன நம் அம்மையார்குப்பத்தில், புல்வெட்டும் மிஷினையும் பவர் ஸ்பிரேயரையும் கூலிக்கு ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. மிஷின் ‘ஜாம்’ ஆனால் அன்றைய கூலியோடு கடன் தவணையும் நின்றுபோகும்.

இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு தருகிறது. ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகை கக்கும், பிளக்கில் கரி படியும்.

டப்பாவில் ‘2டி’ என்பதோடு ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் பைக் ஆயில், கழிவு ஆயில் இரண்டும் வேண்டாம்.

சிந்தெடிக் ஆயிலில் புகையும் கரியும் குறைவு, விலை அதிகம். அதற்காக அளவைக் குறைக்கக் கூடாது. மிஷினோடு வந்த புத்தகத்தில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக்கடை சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.

சுத்தமான கேனில் பாதி பெட்ரோலை ஊற்றி, ஆயிலைச் சேர்த்துக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே கலக்குங்கள். பல நாள் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிடுங்கள்.

இரவல் வாங்கிய மிஷின் நம் கையில் இருக்கும் அமானிதம். கலந்த அளவையும் தேதியையும் கேனில் எழுதியே திருப்பிக் கொடுங்கள். அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக!