நால்வர் பெயர், ஒருவர் உழைப்பு

கணினியியல் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் 'குழுத் திட்டப்பணி' என்னும் சொல் இன்று அடிக்கடி செவியில் விழுகிறது. மூன்று நான்கு மாணவர்கள் ஒன்றுகூடி, குறித்த காலத்திற்குள் ஓர் இணையதளத்தை வடிவமைத்து, அதனை இயங்கச் செய்து, ஆசிரியர் முன்னிலையில் விளக்கிக் காட்ட வேண்டும். முடிவில் அறிக்கையின் அட்டையில் நால்வர் பெயரும் அச்சாகும். உழைத்தவர் எத்தனை பேர்? பெற்றோராகிய நாம் இதனைக் கேட்பதில்லை; மதிப்பெண்ணை மட்டுமே கேட்கின்றோம்.

இணையதளம் பலர் கைகூடி ஆவது. தமிழ் இணையமேறிய வரலாறே இதற்குச் சான்றாகும். 1995-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், சிங்கப்பூர்க் கவிதைகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டன. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரும் இப்பணியில் கைகோத்தனர். ஒருவர் தமிழெழுத்தின் இயல்பை அறிந்தவர். மற்றவர் வலையமைப்பின் நுட்பம் அறிந்தவர். ஒருவர் அறிவை மற்றவர் மதித்ததனாலேயே தமிழ் திரையில் தோன்றிற்று.

அத்துடன் பணி முடிந்துவிட்டதா? இல்லை. உரிய எழுத்துரு கணினியில் இல்லாவிடில் அன்று தமிழ்ப் பக்கத்தைப் படிக்க இயலாது. அக்குறை தீரப் பல நாட்டுத் தமிழறிஞர்கள் 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் கூடி ஆராய்ந்தனர். நா. கோவிந்தசாமி 1999-இல் மறைந்தார். பின்னர் ஒருங்குறி பரவியது. 2010-இல் தமிழக அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. நம் பிள்ளைகள் இன்று எளிதாகத் தமிழில் தட்டெழுதுவது இத்தனை பேர் உழைப்பின் பயனன்றோ!

எங்கள் முத்தாண்டிக்குப்பம் பகுதியினர்க்கு நெய்வேலிச் சுரங்கத்தைச் சொன்னால் இது இன்னும் நன்கு விளங்கும். அங்கே மேல்மண்ணை வெட்டும் எந்திரம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நிலக்கரிப் படிவத்தின் அடியிலுள்ள ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்கும் பம்புகளை நினைப்பவர் சிலரே. அவை நின்றால் சுரங்கத்தில் வெள்ளம் புகும். இணையதளத்திலும் வண்ணமும் படமும் கண்ணில் படும். தகவலைச் சேமிக்கும் தரவுத்தளம், பிழை தேடும் சோதனை, கடவுச்சொல்லின் காவல் ஆகியவை மறைவில் நடப்பவை. குழுவில் இவற்றைச் செய்பவரின் உழைப்பே பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

வேறொரு குறையும் உண்டு. சில குழுக்களில் நிரல் எழுதும் பணியை ஓரிருவர் கைப்பற்றிக் கொள்வர். மாணவியரிடம் அறிக்கை தயாரிக்கும் வேலையைத் தள்ளிவிடுவர். மதிப்பெண் சமமாகக் கிடைத்துவிடும். அறிவு சமமாகக் கிடைக்காது. நாளை வேலைக்கான நேர்காணலில், "இப்பகுதியை எவ்வாறு செய்தீர்?" என்று வினவும்போது, பெயர் மட்டும் கொடுத்தவர் வாயடைத்து நிற்பார். உழைக்காத பணியில் தம் பெயரைப் பொறித்துக் கொள்வது அமானிதத்திற்கும் மாறானது. பிறர் பங்கையும் தானே சுமந்து, அவர்களைக் கற்கவிடாமல் செய்வதும் நன்மையாகாது.

இதற்கு வழி என்ன? முதல் நாளிலேயே யார் எதைச் செய்வது என்று எழுதி வைக்க வேண்டும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள், நிரலில் யார் எந்நாளில் எதை மாற்றினார் என்பதைக் கணக்கேடு போல் பதிந்து வைக்கும். அதனைப் பயன்படுத்தினால் வீண் பூசலுக்கு இடமில்லை. வாரம் ஒருமுறை ஒருவர் செய்ததை மற்றவர் விளக்கிச் சொல்லட்டும். தளம் ஆனபின் வீட்டிலுள்ள தாயாரின் கைப்பேசியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு விளங்காத பொத்தான் யாருக்கும் பயன்படாது.

பெற்றோர்களே! "எத்தனை மதிப்பெண்?" என்பதற்கு முன் "இதில் உன் பங்கு எது? உன் தோழர் பங்கு எது?" என்று கேளுங்கள். இரண்டிற்கும் தயக்கமின்றி விடை சொல்லும் பிள்ளையே இப்பணியில் உண்மையாகத் தேர்ச்சி பெற்ற பிள்ளையாகும்.