ஒரே சரீரமும் பல அவயவங்களும்

எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், ஒருமை எனப் பொருள்படும் 'ஹெனொடேஸ்' என்னும் கிரேக்கச் சொல் இருமுறை வருகிறது. புதிய ஏற்பாட்டின் வேறெந்த நூலிலும் அச்சொல் இல்லை. 3-ஆம் வசனத்தில் ஆவியானவர் அருளிய ஒருமை நாம் காத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அதை நாம் உண்டாக்கும்படி ஏவப்படவில்லை. 13-ஆம் வசனத்திலோ விசுவாசத்தின் ஒருமை நாம் இனிச் சென்று சேர வேண்டியதாக நமக்கு முன்னே நிற்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், 7-ஆம் வசனத்தில், கிருபை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறதென்று நிருபம் கூறுகிறது. கையில் உள்ள ஒருமையிலிருந்து வரவிருக்கும் ஒருமைக்குச் செல்லும் பாதை ஒவ்வொரு விசுவாசியின் தனி வரத்தின் வழியாகவே செல்கிறது என்பதே இவ்வமைப்பின் கருத்து. நம்முடைய பிரசங்கங்களில் 3-ஆம் வசனமும் 13-ஆம் வசனமும் அடிக்கடி ஒலிக்கின்றன. 7-ஆம் வசனத்தை நாம் விரைவாகத் தாண்டிவிடுகிறோம்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேப்பூர் நாற்சந்தியிலிருந்து கிழக்கே செல்லும் சாலை அவ்வூருக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கே மண்குழம்பைச் சுண்ண அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் உட்சுவரில் படிந்து இறுகுகிறது. ஓர் அச்சிலிருந்து எத்தனை பொம்மை எடுத்தாலும் மூக்கும் முழியும் மாறுவதில்லை. சபையின் ஐக்கியத்தை நம்மில் பலர் இந்த அச்சைப்போலவே கற்பனை செய்துகொள்ளுகிறோம். எல்லாரும் ஒரே விதமாய் ஜெபித்து, ஒரே விதமாய்ச் சாட்சி சொல்லி, ஒரே குரலில் பேசினால் ஐக்கியம் வந்துவிட்டதாக எண்ணுகிறோம். ஆனால் அந்தக் குழம்புக்குள்ளே பார்த்தால் நிலைமை வேறு. வெண்களிமண் வடிவத்தை ஏற்கும் இளக்கத்தைத் தருகிறது. பெல்ஸ்பார் சூளையில் உருகி மற்றவற்றைப் பிணைக்கிறது. குவார்ட்ஸ் கலம் சரிந்துவிடாமல் தாங்குகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய இயலாது. மூன்றும் களிமண்ணாகவே இருந்தால், சூளையில் கலம் மிகவும் சுருங்கி வெடித்துப்போகும்.

எனினும், பவுல் எடுத்துக்கொண்ட உவமை மட்கலமன்று, சரீரம். அந்த உவமையை அவர் புதிதாகப் படைக்கவில்லை. மெனேனியஸ் அக்ரிப்பா என்பவர் அதைச் சொல்லிய வரலாற்றை ரோமாபுரியின் சரித்திர ஆசிரியர் லீவி எழுதி வைத்திருக்கிறார். மரபுப்படி கி.மு. 494-இல், பிரபுக்களோடு பிணங்கி நகரைவிட்டு வெளியேறிய பொதுமக்களிடம் அவர் கதை சொன்னார்: அவயவங்கள் வயிற்றுக்கு உணவு கொடுக்க மறுத்தன, கடைசியில் தாங்களே மெலிந்துபோயின. கதையின் நோக்கம் வெளிப்படையானது. மேலோர் மேலோராகவே இருக்கட்டும், நீங்கள் திரும்பி வேலைக்கு வாருங்கள் என்பதே அது. 1 கொரிந்தியர் 12-இல் அதே உவமை தலைகீழாகத் திருப்பப்படுகிறது. பலவீனமாய்த் தோன்றும் அவயவங்களே இன்றியமையாதவை என்றும், கனக்குறைவாய் எண்ணப்பட்டதற்கே தேவன் அதிகக் கனத்தைக் கொடுத்துச் சரீரத்தை அமைத்தார் என்றும் 22 முதல் 24 வரையுள்ள வசனங்கள் போதிக்கின்றன. ரோமனின் கையில் கீழோரை அடக்கப் பயன்பட்ட உவமை பவுலின் கையில் மேலோரைத் தாழ்த்துகிறது. 17-ஆம் வசனத்தில், சரீரம் முழுவதும் கண்ணானால் செவி எங்கே என்னும் கேள்வியும் வருகிறது. ஜெபமும் பாட்டும் பிரசங்கமும் கணக்கும் தாமே என்று நடத்தும் போதகர் அக்கேள்வியைத் தமக்கே கேட்டுக்கொள்ளலாம். அவருடைய சபை முழுவதும் வாயாகிவிட்டது.

சபைப்பிரிவுகளின் வரலாற்றிலும் இதே சிக்கல் எழுந்தது. 1919 மே மாதம் 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவர் தவிர மற்றெல்லாரும் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகிய வே. ச. அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையின் போதகர் சந்தியாகுவும் அதில் முன்னின்றார்கள். மேல்நாட்டில் உண்டான பிரிவினைகள் நம்மேல் சுமத்தப்பட்டவை. நாம் அவற்றை உண்டாக்கவுமில்லை, விரும்பவுமில்லை என்பது அவர்களுடைய அறிக்கையின் சாரம். பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அசரியா உயிரோடில்லை. 1945-இன் முதல் நாளிலேயே மறைந்துவிட்டார்.

அந்த இணைப்பில் நாம் கவனிக்க வேண்டியது, எந்தச் சபையின்மீதும் அது பழகியிராத, அல்லது அதன் மனச்சாட்சி ஏற்காத ஆராதனை முறையோ ஊழியமோ சுமத்தப்படமாட்டாது என்று கொடுக்கப்பட்ட வாக்குறுதியாகும். ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும், பிரெஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் தத்தம் வழக்கங்களோடே உள்ளே வந்தார்கள். அவசரப்படுத்தாமல் 30 ஆண்டுகள் இடைக்காலமாக விடப்பட்டன. 1947-இல் வெளியே நின்ற நந்தியால் பகுதி 1975-இல் வந்து சேர்ந்தது. இதைக் குறைபாடென்று சொல்லுவோர் உண்டு. என் கருத்தில் அவ்விணைப்பின் ஞானமே இதில்தான் இருக்கிறது. லுத்தரன் சபைகளோடு நடந்த உரையாடல் நிர்வாக இணைப்பில் முடியவில்லை. ஆயினும் 1969-இல் மதுரை அரசரடியில் இரு திறத்தாரும் ஒரே இறையியல் கல்லூரியில் ஊழியரைப் பயிற்றத் தொடங்கினார்கள்.

இவ்வளவும் சொன்னபின் கடினமான கேள்வி வருகிறது. 'எங்கள் வழக்கம்' என்று சொல்லப்படுவதெல்லாம் காக்கப்பட வேண்டிய தனித்தன்மையா? தமிழ்ச் சபையில் இவ்வாதம் ஆராதனை முறைக்காக எழுந்ததைவிடச் சாதிக்காக எழுந்ததே அதிகம். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையினின்று அகற்றும்படி கட்டளையிட்டபோது தஞ்சையில் பெருங்கலகம் உண்டாயிற்று. லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்த தமிழறிஞர், சாதியைச் சமுதாய வழக்கமாகக் கருதி, சுவிசேஷம் புளித்த மாவைப்போல் மெதுவாக அதை மாற்றட்டும் என்றார். அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் இதற்கு உடன்படாமல் பிரிந்து, 1860-களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனி ஊழியம் தொடங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் அப்பத்தாண்டிலேயே அதனோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அதுவே. ஐக்கியத்துக்காகவே ஒரு பிரிவு நேர்ந்தது என்பது நம் மாவட்டத்துச் சபை வரலாற்றின் விந்தை.

கிரவுல் இகழத்தக்கவரல்லர், பண்பாட்டை மதித்தவர், வற்புறுத்தலை வெறுத்தவர். ஆயினும், ரோமர் 14-ஆம் அதிகாரத்தையும் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் அவர் தவறிய இடம் தெரிகிறது. ரோமரில், ஒருவன் மரக்கறி மட்டும் உண்கிறான், மற்றொருவன் எல்லாவற்றையும் உண்கிறான். அவனவன் தன் மனதில் உறுதிகொள்ளட்டும் என்று பவுல் விட்டுவிடுகிறார். கலாத்தியரில், பேதுரு புறஜாதியாரின் பந்தியைவிட்டு எழுந்து விலகியபோது அதே பவுல் முகமுகமாய் எதிர்த்து நிற்கிறார். இலையில் என்ன இருக்கிறது என்பது மனச்சாட்சியின் காரியம். பக்கத்து இலையில் யார் உட்காரலாம் என்பது சுவிசேஷத்தின் காரியம். முன்னதில் எத்தனை வேற்றுமையும் இருக்கலாம். பின்னதில் சிறிது விலகினாலும் சரீரம் பிளவுபடுகிறது.

மேலும், சாதி ஒருவனுக்குத் தனித்தன்மையைத் தருவதேயில்லை. வரம் ஆளைப் பார்த்து அளிக்கப்படுகிறது. சாதியோ ஆளைப் பார்ப்பதற்கு முன்னே அவனுடைய இடத்தைத் தீர்மானித்துவிடுகிறது. வரம் அனைவருடைய பிரயோஜனத்துக்கென்று கொடுக்கப்படுவதாக 1 கொரிந்தியர் 12:7 கூறுகிறது. சாதியின் மேன்மையோ பிறருக்குக் கொடாமல் வைத்திருப்பதிலேயே உயிர்வாழ்கிறது. விருத்தாசலத்து அச்சு இங்கேதான் பொருந்துகிறது. பிறப்பு ஊற்றிய அச்சில் வந்தவர்களைத் தனித்தன்மை உடையவர்கள் என்று சொல்லுவது சொல்லின் பொருளையே மாற்றுவதாகும்.

ஆகையால், ஊழியத்துக்குப் புறப்படும் மாணவர் ஒரு சபையில் 'இது எங்கள் முறை' என்னும் சொல்லைக் கேட்டவுடன் அதை ஒழிக்கவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம். அம்முறையினால் யாருக்கு நன்மை விளைகிறது, யார் வெளியே நிற்கிறார் என்று விசாரிக்கட்டும். கீர்த்தனை பாடும் சபை கீர்த்தனையே பாடட்டும். முழங்காற்படியிடுவோர் அவ்வாறே ஜெபிக்கட்டும். மௌனமாயிருக்கும் பாட்டியம்மாளைச் சாட்சி சொல்லும்படி நெருக்க வேண்டாம், அவருடைய வரம் நோயாளிகளைச் சந்திப்பதாயிருக்கலாம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தால், அது யாருடைய முறை என்று கேட்டு, அந்தக் கேள்வியை அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதலாவதாக எழுதட்டும்.