சேசிஸா, பாடியா, லோடா?

"ஒரு தம்பி வந்து, பழசையே மேல் வெர்ஷனுக்கு ஏத்திக்கலாம்னு சொன்னான் மாப்ளே. இன்னொருத்தன் வந்து, இடிச்சுப் போட்டுப் புதுசாக் கட்டோணும்னான். ரெண்டு பேரும் ரேட்டுச் சொன்னாங்க. காரணத்தை ஒருத்தனும் சொல்லலை."

நாமக்கல் பரமத்தி ரோட்டு டீக்கடையில் மாமா இப்படித்தான் தொடங்கினார். லாரி உதிரிபாக வியாபாரி. கடையின் இணையதளம் 2012இல் கட்டியது, ட்ரூப்பல் 7 என்ற மென்பொருளின் மேல் நிற்கிறது. ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. பிறகு எதற்கு ஆளாளுக்கு வந்து பயமுறுத்துகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி.

பதிலுக்கு நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எதிரே பாடி கட்டும் பட்டறை. ஒரு வெறும் சேசிஸ் நின்றிருந்தது. பக்கத்தில் பழைய வண்டி ஒன்றில் பலகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, உங்க சைட்டும் லாரி மாதிரி மூணு பங்குங்க. ட்ரூப்பல் சேசிஸ். கண்ணுக்குத் தெரியற கலரு, மெனு, பக்க அமைப்பு எல்லாம் பாடி. பார்ட் நம்பரு, போட்டோ, விலை, டீலர் கணக்கு இதெல்லாம் லோடு. பழசாயிருச்சுன்னா எது பழசாச்சுன்னு முதல்ல கேக்கோணும்."

பாடி மட்டும் பழசு என்றால் வேலை சின்னது. செல்போனில் பார்த்தால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறதா, மெனு விரலுக்கு அகப்படவில்லையா, தோற்றத்தை மட்டும் மாற்றினால் போதும். அதற்காக யாராவது சேசிஸையே மாற்றச் சொன்னால் சந்தேகப்படலாம். சேசிஸ் பழசு என்றால் கேள்வி வேறு: அதற்கு இன்னும் ஸ்பேர் கிடைக்கிறதா?

"ஓடற வண்டிக்கு எதுக்கு மாப்ளே ஸ்பேரு?"

"எஃப்.சி.க்குப் போகோணும்ங்களே மாமா."

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று, அதற்குப் பின் வருடா வருடம். இணையதளத்தை இப்படி யாரும் ரோட்டில் மறிப்பதில்லை. அது எஃப்.சி. முடிந்தும் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருநாள் யாரோ உள்ளே புகும் வரை. ட்ரூப்பல் 7 வெளிவந்தது 2011 ஜனவரி 5. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2021 நவம்பரோடு நிறுத்துவதாகத்தான் முதலில் அறிவித்தார்கள். ஏராளமான தளங்கள் இன்னும் அதிலேயே இருந்ததால் 2022, 2023 என்று தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 ஜனவரி 5 அன்று நிறுத்தினார்கள். சரியாகப் பதினான்கு ஆண்டுகள்.

திருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 அக்டோபர் 15 சாட்சி. அன்று ட்ரூப்பல் 7இல் ஓர் ஓட்டை இருப்பதாக அறிவித்து, கையோடு அடைப்பையும் வெளியிட்டார்கள். அடைப்பு வெளிவந்தால் ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும் அல்லவா? சில மணி நேரத்திலேயே தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கின. அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத ஒவ்வொரு தளத்தையும் திருடன் புகுந்த வீடாகவே கருதுங்கள் என்று பாதுகாப்புக் குழுவே பின்னர் எச்சரித்தது. அன்றைக்கு அடைப்பைத் தர ஆள் இருந்தார்கள். இனி 7ஆம் பதிப்பில் ஓட்டை தெரியவந்தால், சில தனியார் நிறுவனங்கள் காசுக்குத் தரும் நீட்டிப்பு ஆதரவைத் தவிர வேறு வழியில்லை.

மாமா டீயைக் கீழே வைத்தார். "அப்ப மேல் வெர்ஷனுக்கு ஏத்திருவோம். அந்த முதல் தம்பி சொன்னது சரிதானே?"

இங்கேதான் வார்த்தை ஏமாற்றுகிறது. ட்ரூப்பல் 8இலிருந்து 9க்கும், 9இலிருந்து 10க்கும் போவது நிஜமாகவே மேம்படுத்தல்தான். தேய்ந்த பட்டையைக் கழற்றிப் புதுப் பட்டை போடுவது மாதிரி, வண்டி அதே வண்டியாக இருக்கும். 7இலிருந்து 8 அப்படியல்ல. 2015 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பில் அடித்தளத்தையே சிம்ஃபனி என்ற வேறொரு கட்டமைப்பின் மேல் மாற்றி எழுதிவிட்டார்கள். 7க்கு எழுதிய கூடுதல் நிரல்கள் அதில் ஓடாது. தோற்ற அடுக்கையும் புதிதாக எழுத வேண்டும். ஆகவே 7ஐ 'ஏற்றுவது' என்றால், பக்கத்தில் ஒரு புது வண்டியைக் கட்டி நிறுத்தி, பழைய வண்டியிலிருந்து லோடை மாற்றுவது என்று பொருள்.

"அப்போ ரெண்டு தம்பியும்…"

"ஒரே வேலைக்கு ரெண்டு பேரு வெச்சிருக்காங்க மாமா."

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. 7இன் அமைப்பு பிடித்துப்போனவர்கள் அதிலிருந்து பிரிந்து பேக்டிராப் என்ற பெயரில் ஒரு கிளையை உருவாக்கி, 2015 ஜனவரியில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். 7இலிருந்து நேராக அதற்கு ஏற வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் தளத்தில் இருக்கும் கூடுதல் நிரல்களுக்கு அதில் ஈடு இருந்தால், சின்னக் கடைக்கு அது மலிவாக முடியும்.

சரி, எப்படியும் புதுசுதான் என்றால் முழுக்க இடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நெட்ஸ்கேப் என்ற உலாவி ஒரு காலத்தில் முன்னணியில் இருந்தது. 4ஆம் பதிப்பு 1997இல் வந்தது. அதன் பிறகு நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத முடிவெடுத்தார்கள். 5ஆம் பதிப்பு வெளிவரவே இல்லை, 6ஆவது 2000 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் சந்தை மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய்விட்டது. பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் என்றைக்கோ ஒரு கோளாறைச் சரிசெய்த வரி, அதைத் தூக்கி எறிந்தால் அந்த அனுபவமும் போகும் என்று ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000இல் இதைப் பற்றி எழுதினார். ஆனால் அந்தப் புதுக் கட்டுமானத்தின் வழியில்தான் 2004இல் ஃபயர்பாக்ஸும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டியது வீண் போகவில்லை. கட்டி முடிக்கும் வரை கடையைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மாமாவுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டியிருந்தது. வருமான வரித் தளம் நினைவிருக்கிறதா என்றேன். சிரித்துவிட்டார். 2021 ஜூன் 7 அன்று புதுத் தளம் திறந்தது. அதற்கு முந்தைய சில நாட்கள் பழையதை மூடிவிட்டார்கள். புதிதில் நுழைவதே பலருக்குப் பாடாக இருந்தது. தனிநபர் கணக்குக்கான கடைசித் தேதி அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை போனது. அரசாங்கம் தேதியைத் தள்ளிவைக்கலாம். மாமா கடைக்குப் போன் செய்யும் டீலர் தள்ளிவைக்க மாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அதற்குத்தான் பனைமேல் ஆல். சேலத்திலிருந்து இந்தப் பக்கம் வரும் வழியெல்லாம் பனை நிற்கிறது. பறவை போட்ட ஆலம் விதை அதன் மட்டையிடுக்கில் முளைத்து, வேரைக் கீழே விட்டு, பனையைச் சுற்றிக்கொள்ளும். பல வருடம் இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஆஸ்திரேலியக் காட்டில் இப்படி வளரும் அத்தி இனத்தைப் பார்த்துத்தான் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் ஒரு மென்பொருள் முறைக்கே அதன் பெயரை வைத்தார். பழையதை நிறுத்தாமல் ஒரு பகுதியை மட்டும் புதிதில் கட்டுவது, அது நிலைத்தபின் அடுத்த பகுதி. மாமா கடைக்கு முதலில் பார்ட் பட்டியல், அப்புறம் டீலர் கணக்கு, கடைசியில் முகப்பு. பழைய பக்க முகவரிகளைத் தேடி வருகிறவர்கள் புதிய பக்கத்துக்கே போய்ச் சேரும்படி வழிமாற்றும் வைக்க வேண்டும். அதை மறந்தால் கூகுளில் இத்தனை வருடம் சேர்த்த பெயர் கரையும்.

"இதுல பெரிய செலவு எங்கே மாப்ளே?"

"லோடுலதாங்க மாமா."

அவர் போனிலேயே தளத்தைத் திறந்து காட்டினேன். ஒரு பக்கத்தில் தமிழ் விளக்கம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலங்கிக் கிடந்தது. பழைய எழுத்துருவில் தட்டிய காலத்துச் சரக்கு, வேறெங்கோ இருந்து வெட்டி ஒட்டியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற குறியேற்றங்கள் இங்கே வழங்கின. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டியதெல்லாம் தானாக மாறிவிடவில்லை. எந்தச் சேசிஸில் ஏற்றினாலும் அது கலங்கியே இருக்கும். மாற்றியில் போட்டுத் திருப்பி, ஆள் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். ஒரே பேரிங்குக்கு மூன்று பெயரில் மூன்று பக்கம் இருந்தது. உற்பத்தி நின்றுபோன பார்ட்டுக்கு விலை போட்டிருந்தது. அதே சமயம், ஒரு மெக்கானிக் எந்தப் பேச்சுப்பெயரில் தேடினாலும் சரியான பார்ட் வந்து நிற்கும்படி யாரோ செய்துவைத்த பட்டியலும் அங்கேதான் இருந்தது. அது கடையின் பத்து வருட அறிவு. எதைத் தூக்கி எறிவது, எதைக் கண்ணாடிப் பாத்திரம் போலத் தூக்கிப்போவது என்பதை எந்தத் தம்பியாலும் சொல்ல முடியாது, மாமாவால்தான் முடியும். எது வேண்டும், எது வேண்டாம் என்ற அந்தக் கணக்கு கையில் இல்லாமல் இருவர் சொன்ன ரேட்டும் வெறும் குத்துமதிப்பு.

எதிர்ப் பட்டறையில் பலகை பிரித்து முடிந்திருந்தது. வெறும் சேசிஸைச் சுற்றி வந்து ஒருவர் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா அதையே பார்த்தார்.

"ஆக, முதல்ல தார்ப்பாயை அவுத்து லோடை எண்ணோணும்ங்கறே."

"ஆமாங்க மாமா."

தம்பிகள் இருவரும் கொடுத்திருந்த ரேட்டுத் தாள்களில் ஒன்றைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பேனாவால் மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் 'வேணும்' என்று எழுதினார். இன்னொரு டீ சொன்னோம்.