ஸ்டெம் செல்: கருவிலிருந்து எடுப்பதும் வளர்ந்தவரிடமிருந்து எடுப்பதும் ஒன்றல்ல

‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் நம்மவர்களிடம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது மார்க்கத்தில் கூடுமா? இதனால் நோய் குணமாகுமா? பதில் சொல்வதற்கு முன், அந்த செல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எந்த நோய்க்குத் தரப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரு ஸ்டெம் செல்

கருவுற்று சுமார் 5 நாட்களான கருவின் உட்பகுதியிலிருந்து இது எடுக்கப்படுகிறது. 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதக் கருவிலிருந்து இதைப் பிரித்து வளர்த்தனர். உடலின் எந்த உறுப்பின் செல்லாகவும் இது மாறும். ஆனால் எடுக்கும்போது கரு அழிகிறது. கட்டுப்பாடின்றிப் பெருகினால் கட்டியாகும் ஆபத்தும் உண்டு.

வளர்ந்தவரின் ஸ்டெம் செல்

எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் நம் எல்லோரிடமும் இது இருக்கிறது. மஜ்ஜையில் உள்ளவை முக்கியமாக ரத்த செல்களையே உருவாக்கும். ஆற்றல் குறைவுதான், ஆனாலும் ரத்தப் புற்றுநோய், தலசீமியா ஆகியவற்றுக்குப் பல்லாண்டுகளாகப் பயன்படுவது இதுவே. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு. கொடுத்தவருக்குச் சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் சாதாரண செல்லையே கரு ஸ்டெம் செல் போல மாற்றிக் காட்டினார். மறு ஆண்டு மனித செல்லிலும் அது சாத்தியமானது. 2012-ல் நோபல் பரிசு பெற்றார். கருவை அழிக்காமல் ஆய்வு செய்ய இது வழிதிறந்தது.

மார்க்கத்தின் பார்வை

2003-ல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹ் கவுன்சில், வளர்ந்தவர்கள், தொப்புள்கொடி ரத்தம், தானாகக் கலைந்த கரு ஆகியவற்றிலிருந்து உரிய அனுமதியுடன் எடுப்பதை ஆகுமாக்கியது. சோதனைக்குழாய் முறையில் எஞ்சிய கருவையும் பெற்றோர் சம்மதித்தால் பயன்படுத்தலாம் என்றது. இதற்கென்றே கருவை உருவாக்குவதையும், வேண்டுமென்றே கலைப்பதையும் தடுத்தது. 120 நாட்களில் ரூஹ் ஊதப்படுகிறது என்பது பல அறிஞர்களின் கருத்து. அதற்காக, அதற்கு முந்தைய கரு மதிப்பற்றது என்று அவர்கள் சொல்லவில்லை.

ஏமாற வேண்டாம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையே அங்கீகரிக்கப்பட்டது. மற்றவை ஆய்வு நிலையில் உள்ளவை. அவற்றுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. ஆட்டிசம், பக்கவாதம், சர்க்கரை நோய் குணமாகும் என்று யாராவது லட்சங்களைக் கேட்டால், நகையை அடகு வைக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: செல் எங்கிருந்து வருகிறது? இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? பதிலை எழுத்தில் வாங்கி, வேறொரு மருத்துவரிடமும் ஆலிமிடமும் காட்டுங்கள்.