பக்கவாதம் வந்து ஆண்டுகள் கடந்தும் தீராத வலி

நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகருக்குப் பக்கவாத மருத்துவத்தில் தனி இடம் உண்டு. 220 நோயாளிகளை வைத்து இங்கு நடந்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. பக்கவாதத்துக்கென்றே அமைந்த பிரிவில் சேர்க்கப்பட்டு, சீக்கிரமே எழுந்து நடக்கப் பழகியவர்கள் பொது வார்டில் இருந்தவர்களைவிட அதிகமாக வீடு திரும்பினர். பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த நன்மை தெரிந்தது.

ஆனால் வீடு திரும்பியவரின் ஐந்தாம் ஆண்டு வலியைப் பற்றி நோர்வேயில் வாழும் நம் வீடுகளில் பேச்சே இல்லை. "வாதம் விழுந்த கை, அப்படித்தான் இருக்கும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அது தவறு. என்ன வகை வலி என்று தெரிந்தால் குறைக்க வழி உண்டு.

எரியும் கை, இறுகும் கை

முதல் வகை மூளையிலேயே பிறப்பது. தொடுகையையும் சூட்டையும் உணர்த்தும் நரம்புப் பாதை, குறிப்பாகத் தலாமஸ் பகுதி, பழுதானால் வருவது. பிரெஞ்சு மருத்துவர்கள் தெஜரினும் ரூசியும் 1906இலேயே இதை விவரித்தார்கள். பக்கவாதம் வந்து பல மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். கையில் காயம் இராது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ஆனால் போர்வை உரசினாலே எரியும். குளிர் பட்டால் கூடும் என்பதால் துரொண்ட்ஹெய்மின் பனிக்காலம் இவர்களுக்குக் கொடியது. இதை நடிப்பு என்று வீட்டார் நினைப்பது அதனினும் கொடியது. சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின், லாமோட்ரிஜின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கிப் பார்ப்பார்கள். இவற்றால் தலைச்சுற்று வந்து விழ நேரிடலாம்; இதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது தசை இறுக்கம். விரல்கள் மடங்கி, நகம் உள்ளங்கையில் குத்தும். இதற்குப் போட்டுலினம் ஊசி உதவும். பலன் மூன்று மாதம் போல நிற்கும். அந்த இடைவெளியில் தசையை நீட்டும் பயிற்சி செய்யாவிட்டால் ஊசி வீண்.

மூன்றாவதான தோள் வலியைப் பல நேரம் நாம்தான் கூட்டுகிறோம். எழுப்பும்போது வாதம் விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பனிக்கால ஜாக்கெட் போடும்போது அந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும்.

கழுத்தில் போடும் ஊசி

மூட்டுவாத மருந்தான எட்டனர்செப்ட்டைக் கழுத்தின் பின்புறம் போட்டால் பழைய பக்கவாதமும் வலியும் தேறும் என்று சொல்லி, அமெரிக்காவில் பெரும் பணத்துக்குச் சிகிச்சை தருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 126 பேரிடம் இதைச் சோதித்து, 2025இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களும் வெற்று ஊசி பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில், பாதிக்கு மேற்பட்டோர், தேறியிருந்தார்கள். "எனக்குக் குணமானது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மருந்துதான் குணப்படுத்தியது என்பதற்கு அது சான்றாகாது. கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

குடும்ப மருத்துவரிடம்

வலி எரிகிறதா, விறைக்கிறதா, இரவில் கூடுகிறதா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் மறைக்காதீர்கள். இரண்டும் வலியை வளர்ப்பவை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள். முகம் திடீரெனக் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, புதிதாகக் கை சோர்ந்தாலோ, பழைய நோய்தானே என்று காத்திராமல் உடனே நோர்வேயின் அவசர மருத்துவ எண்ணான 113ஐ அழையுங்கள்.