நீலமே இல்லாத நீல மீன்

ஃபைட்டர் மீனின் உடம்பில் நீலச் சாயம் கிடையாது. சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும் நீல ஃபைட்டர்களைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். படவேட்டில் பட்டுத்தறி ஓட்டும் எனக்கு நம்புவதில் சிரமமில்லை. மயில்கழுத்துப் புடவைக்குப் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். தூக்கிப் பிடித்தால் பச்சை அடிக்கும், சற்றுத் திருப்பினால் நீலம். மீனில் இரண்டு நூல் இல்லை. தோலில் இருக்கும் குவானின் என்னும் பொருளின் நுண்ணிய படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பியே நீலத்தைக் காட்டுகின்றன. சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் மட்டுமே உண்மையான நிறமிகள்.

இதைத் தெரிந்துகொண்டால் வகை பிரிப்பதில் பாதிக் குழப்பம் தீரும். டார்ச்சை மீனுக்குப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். சிவப்பு எந்தக் கோணத்திலும் சிவப்பாகவே நிற்கும். நீலம் மினுங்கும், மங்கும், பச்சைக்குச் சாயும். கடையில் நீல எல்.இ.டி. விளக்கு எரிந்தால் அங்கே நிறம் பார்ப்பதே வீண். பயந்துபோன மீனும் வெளுத்துவிடும், பக்கவாட்டில் கோடு விழும். சிறு கண்ணாடியைக் காட்டுங்கள். தன் பிம்பத்தைப் பார்த்து அது செவுள்மூடியை விரிக்கும்போது உண்மை நிறம் வெளியே வரும்.

நீலத்தில் மூன்று வகை. சாம்பல் கலந்தது ஸ்டீல் ப்ளூ, அடர்நீலம் ராயல் ப்ளூ, பச்சைக்குச் சாய்வது டர்க்காய்ஸ். டர்க்காய்ஸையும் ஸ்டீல் ப்ளூவையும் ஜோடி சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் எல்லாமே ராயல் ப்ளூ. ராயல் ப்ளூவை ராயல் ப்ளூவோடு சேர்த்தாலோ பாதிதான் ராயல் ப்ளூ. மொத்தத்தில் கால் பங்கு டர்க்காய்ஸ், கால் பங்கு ஸ்டீல். இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் மலைப்பைத் தரும்.

உடம்பு வெளிறி, துடுப்பு மட்டும் சிவந்திருந்தால் கம்போடியன். துடுப்பில் பட்டையாக இரண்டு நிறம் பிரிந்தால் பட்டர்ஃப்ளை. செதிள்கள் தடித்து வெள்ளிக் கவசம் போல் மின்னினால் டிராகன். இதில் செதிள் கண்ணை மூடி வளர்ந்து பார்வை போவதுண்டு, வாங்கும்போதே கண்ணைப் பாருங்கள். மெலனோ என்னும் கருங்கறுப்பு வகையில் பெண் மீனின் முட்டை பொரிக்காது. ஹாஃப்மூன், கிரவுன்டெயில் என்பவை வால் வடிவத்தின் பெயர்கள், நிறத்தின் பெயர்கள் அல்ல.

அதிகம் சண்டை வருவது கோய் ஃபைட்டரால்தான். பக்கத்துத் தெருப் பையன் வெள்ளையும் ஆரஞ்சும் கறுப்புமாக ஒன்று வாங்கி வந்தான். சில மாதத்தில் அது பெரும்பாலும் நீலமாகிவிட்டது. "அண்ணா, வேற மீனைக் குடுத்து ஏமாத்திட்டாங்க" என்று வந்து நின்றான். யாரும் ஏமாற்றவில்லை. கோய், மார்பிள் வகையிலிருந்து வந்தது. 1960-களின் இறுதிவாக்கில் அமெரிக்காவின் இந்தியானா சிறையில் இருந்த ஆர்வில் கல்லி என்ற கைதி வளர்த்த மீன்களிலிருந்து மார்பிள் பிறந்ததாக வளர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். மரபணுவில் இடம்விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று இருப்பதால்தான் நிறம் வாழ்நாள் முழுக்க மாறுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அப்படி மாறுவதுதான் அதன் இயல்பு. அதே நிறம் நிலைக்க வேண்டும் என்பவர்கள் கோய் வாங்கக் கூடாது.

தாய்லாந்து 2019-இல் ஃபைட்டர் மீனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே வயல் தண்ணீரில் வாழும் காட்டு ஃபைட்டர் மங்கிய பழுப்பு. மேலே ஆங்காங்கே பச்சைப் பொட்டு மினுங்கும். நாம் பார்க்கும் அத்தனை நிறமும் அதிலிருந்து மனிதன் தேர்ந்து தேர்ந்து பிரித்தெடுத்தவை.

எங்கள் ஜவ்வாது மலையடிவாரத்தில் மார்கழிக் குளிருக்கு மீன் சோர்ந்து நிறம் மங்கும். 26 முதல் 28 டிகிரி வரை வெப்பம் இருக்கட்டும். வாங்கி வந்த டப்பாவிலேயே வைக்காதீர்கள். பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீராவது கொடுங்கள்.